விடுகைத் திகதி எழுதப்படாத இரண்டு பெயர்கள்

பாடசாலையொன்றிலுள்ள பதிவேடுகளில் மிகப் பெறுமதியானது எது என்று கேட்டால் சேர்விடாப்பு என்றே சொல்வேன். வரவு இடாப்பு நாள்தோறும் திறக்கப்படும். வருட முடிவில் அலுமாரிக்குள் போய்விடும். சேர்விடாப்பு அப்படியல்ல. பாடசாலை தொடங்கிய காலம் முதல் அதன் படியேறிய ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு வரி இருக்கும். தொடரிலக்கம், முழுப்பெயர், பிறந்த திகதி, பெற்றோர் பெயர், முகவரி, சேர்ந்த திகதி என்று நீளும் அந்த வரியின் கடைசியில் இரண்டு கட்டங்கள்: விலகிய திகதி, விலகிய காரணம். ஒரு பிள்ளைக்கு விடுகைப் பத்திரம் எழுதும் நாளில்தான் அவை நிரப்பப்படும். அவை நிரப்பப்பட்டால் அந்த வரி முடிந்தது. நிரப்பப்படாவிட்டால், சட்டப்படி பார்த்தால், அந்தப் பிள்ளை இன்னும் எங்கள் பாடசாலைப் பிள்ளைதான்.

நான் படிப்பிப்பது இரணைமடுக் குளத்தை அண்டிய ஒரு சிறிய பாடசாலையில். 'இரணை' என்றால் வன்னிப் பேச்சில் இரட்டை. இரண்டு மடுக்கள் சேர்ந்து ஒரு குளமானதால் இந்தப் பெயர் என்று வயதானவர்கள் சொல்வார்கள். கனகராயன் ஆற்றை மறித்து, கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட அணை. வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம். கிளிநொச்சியின் வயல்களுக்கு உயிர் இதிலிருந்துதான் போகிறது. 2008ஆம் ஆண்டின் கடைசி வாரங்களில் இந்தக் குளத்தின் கரையிலிருந்த குடும்பங்கள் உழவு இயந்திரப் பெட்டிகளில் பாயையும் பானையையும் ஏற்றிக்கொண்டு கிழக்கே நகர்ந்தன. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி நகரம் படையினர் வசமானது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று அந்தப் பாதையின் பெயர்களை இங்குள்ள பெரியவர்கள் எங்கள் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதைப்போல் வரிசை பிசகாமல் சொல்வார்கள்.

அந்த நாளில் இங்கிருந்த அதிபர் கதிரை மேசைகளை விட்டுவிட்டு சேர்விடாப்பை மட்டும் உரப்பையொன்றில் சுற்றிக் கட்டி எடுத்துச் சென்றாராம். விசுவமடுவரை அது அவரோடு இருந்திருக்கிறது. பிறகு ஒரு உறவினர் கையில், பிறகு செட்டிகுளம் முகாமில் ஒரு கூடாரத்தில். மீள்குடியேற்றத்தின் பின் பாடசாலை திறந்தபோது ஓரங்கள் நனைந்து கறுத்த நிலையில் அது திரும்பி வந்தது. திரும்பி வந்த பிள்ளைகளின் வரிகள் தொடர்ந்தன. வேறு ஊர்களில் சேர்ந்துகொண்ட பிள்ளைகளின் வரிகளுக்கு எதிரே 'இடம்பெயர்ந்தது' என்று எழுதப்பட்டது. இறந்ததாகத் தெரிந்தவர்களுக்கும் ஒரு சொல் எழுதப்பட்டது. கடைசியில் எதுவும் எழுத முடியாமல் சில வரிகள் மிஞ்சின. அவற்றில் அடுத்தடுத்து இரண்டு வரிகளில் ஒரே தாய் தகப்பன் பெயர், ஒரே முகவரி. அக்கா தரம் நான்கு. தம்பி தரம் ஒன்று.

அவர்களுடைய தாய் ஒரு நாள் என்னைத் தேடி வந்தார். அதிபர் கூட்டமொன்றுக்குப் போயிருந்ததால் அலுவலகத்தில் நான்தான் இருந்தேன். வயது ஐம்பதைத் தொட்டிருக்காது. ஆனால் நடையில் எழுபது தெரிந்தது. இடது கால் மடங்காது. கதிரையைக் காட்டியும் உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"என்ர பிள்ளையள் ரெண்டும் இஞ்ச படிச்சதெண்டு ஒரு எழுத்து வேணும் சேர்."

எதற்கு என்று கேட்டேன். விண்ணப்பத்துக்கு என்றால் அதற்கென்று ஒரு படிவம் உண்டு.

"ஒண்டுக்கும் இல்ல சேர். என்னட்ட இருக்கட்டும் எண்டுதான். போன இடமொண்டில ஒருத்தர் கேட்டவர், அம்மா உங்களுக்கு உண்மையா ரெண்டு பிள்ளையள் இருந்ததோ எண்டு. படம் இல்ல. உடுப்பு இல்ல. ஊர்ச்சனமும் பாதி இல்ல. பள்ளிக்கூடத்துக்கு வந்தவை எண்டு நீங்கள் எழுதினால் அது பொய்யில்லத்தானே?"

நான் சேர்விடாப்பைத் திறந்து அந்தப் பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். அவர் வாசிக்கவில்லை. மகளின் பெயரின் மேல் ஒரு விரலையும் மகனின் பெயரின் மேல் இன்னொரு விரலையும் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார்.

பிறகு அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணவர் கிளிநொச்சியிலேயே செல்லடியில் இறந்துவிட்டார். தாயும் பிள்ளைகளும் அம்மம்மாவும் மாத்தளன் வரை போனார்கள். அங்கே இவருக்குக் காலில் காயம். காயக்காரரைச் சர்வதேச செஞ்சிலுவைக் குழு கப்பலில் திருகோணமலைக்கு ஏற்றிய காலம் அது. மயக்கத்தில் இருந்தவரைத் தூக்கி ஏற்றியவர்கள் பிள்ளைகளை ஏற்றவில்லை. அம்மம்மாவோடு நிற்கட்டும், பின்னால் வருவார்கள் என்று யாரோ சொன்னார்கள். அம்மம்மா மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் இறந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. பிள்ளைகள் இறந்ததைப் பார்த்தவர் எவரும் இல்லை. வட்டுவாகல் பாலத்தடியில் வேறொரு குடும்பத்தின் பின்னால் இருவரும் கைபிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டதாக ஒருவர். ஓமந்தையில் பஸ்ஸில் ஏறியதைக் கண்டதாக இன்னொருவர். தெற்கில் ஏதோ ஒரு சிறுவர் இல்லத்தில் தமிழ் மறந்த இரு பிள்ளைகள் இருப்பதாக மூன்றாமவர்.

இந்த மூன்று கதைகளுக்குப் பின்னாலும் அந்தத் தாய் நடந்திருக்கிறார். நான்காவது, ஐந்தாவது கதைகளும் வந்தன. சாத்திரக்காரர் ஒருவர், பிள்ளைகள் தண்ணீர் சூழ்ந்த இடத்தில் உயிரோடு இருக்கிறார்கள் என்றார். விபரம் எடுத்துத் தருவதாகச் சொல்லி ஒருவன் இரண்டு பவுண் சங்கிலியை வாங்கிக்கொண்டு போனான். இதற்கிடையில் ஊர்வாய் வேறு. பிள்ளைகளை விட்டுவிட்டுத் தான் மட்டும் கப்பலேறிய தாய் என்று கிணற்றடியில் பேசினார்களாம். காணாமற்போன பிள்ளையைப் பற்றி ஊர் பேசும் பேச்சில் தேடுதல் கொஞ்சமும் தீர்ப்புக் கூடுதலாகவும் இருப்பதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். காரணம் தெரியாத ஒன்றை மனிதரால் நீண்ட நேரம் கையில் வைத்திருக்க முடிவதில்லை. யாரையாவது குற்றவாளியாக்கிவிட்டால் மனம் ஆறுதல் அடைகிறது. மிக அருகில் கிடைப்பவர் தாய்தான்.

இது வன்னிக்கு மட்டும் உரிய குணமல்ல. 2025 மே மாதத் தொடக்கத்தில் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், காட்டுப்புறத்து வீடொன்றிலிருந்து ஆறு வயது அக்காவும் நான்கு வயதுத் தம்பியும் காணாமற் போனார்கள். காலையில் முறைப்பாடு. அன்றே பொலிசார் வந்தார்கள். ஹெலிகொப்டர், ட்ரோன், மோப்ப நாய்கள், நூற்றுக்கணக்கான தொண்டர்கள் என்று நாட்கணக்கில் காட்டைச் சல்லடை போட்டார்கள். துப்புக் கொடுப்பவருக்கு 150,000 டொலர் வரை தருவதாக மாகாண அரசு ஜூனில் அறிவித்தது. மாதங்கள் கடந்தும் விடை கிடைக்கவில்லை. ஆனால் பெற்றோரைக் காணாத, அந்த மாகாணத்தை வரைபடத்தில் காட்டத் தெரியாத மனிதரெல்லாம் குற்றவாளி இன்னார்தான் என்று தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். டொரொன்டோவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் தொலைபேசியில் இதைச் சொல்லிவிட்டு, "சேர், இஞ்ச ரெண்டு பிள்ளையளுக்கு நாடே தேடுது. எங்கட பக்கத்தில எத்தின ரெண்டு பிள்ளையள்" என்றான். நாடே தேடியது நல்லதுதான். அப்படித்தான் தேட வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு முதல் நாள் வாய்க்கவில்லை என்பதே அவன் சொல்ல வந்தது.

வாய்க்கவில்லை என்றாலும் பதிவுகள் உண்டு. 2009இன் இறுதியில் வவுனியாவில், சிறுவர் பராமரிப்புக்குப் பொறுப்பான திணைக்களமும் யுனிசெப் நிறுவனமும் சேர்ந்து, பிரிந்த குடும்பங்களைத் தேடி இணைக்கும் பிரிவொன்றைத் தொடங்கின. 2011 நடுப்பகுதி வரை அங்கு பதிவான இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட விண்ணப்பங்களில் 676 சிறுவர்களைப் பற்றியவை. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் படைக்குச் சேர்த்துக்கொண்டதாகப் பெற்றோரே சொல்லியிருந்தார்கள். இதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். மறுபக்கத்தில், 2009 மே 18ஆம் திகதி வட்டுவாகலில் படையினரிடம் சரணடைந்தவர்களோடு சிறுவர்களும் இருந்தார்கள். குறைந்தது 29 சிறுவர்கள் அப்படிக் காணாமல் ஆக்கப்பட்டதாக உண்மைக்கும் நீதிக்குமான சர்வதேசச் செயற்றிட்டம் பட்டியலிட்டது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவரும் மூவருமாக அதில் இருக்கிறார்கள். அன்று அவர்களோடு போனவர்களில் ஒருவர், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபரான பிரான்சிஸ் ஜோசப் அடிகளார். சரணடைந்தவர்களின் பெயர்களை அவர் எழுதினார் என்று கண்டவர்கள் சாட்சி சொல்கிறார்கள். அவரும் திரும்பவில்லை. ஆபத்தில் ஓர் ஆசிரியனுக்கு முதலில் தோன்றுவது பெயர்களை எழுதிக்கொள்வதுதான் என்பதை நான் நன்கு விளங்கிக்கொள்கிறேன்.

சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அரசாங்கப் படிவங்கள் 'காணாமற் போனோர்' என்கின்றன. குடும்பங்கள் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்கின்றன. தரம் ஒன்பதுக்கு நான் படிப்பிக்கும் இலக்கணம்தான் இது. 'போனோர்' என்றால் போனவரே எழுவாய். அவரே போனார், கேள்வி முடிந்தது. 'ஆக்கப்பட்டோர்' செயப்பாட்டு வினை. அங்கே வினைமுதல் எழுதப்படாவிட்டாலும், செய்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அந்த வினை மறக்க விடாது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தாய்மார் தொடங்கிய போராட்டம், பார்க்கப்போனால், அந்த வினைமுதலைக் கேட்கும் போராட்டம்தான். அங்கே குந்தியிருந்த தாய் தந்தையரில் பலர் விடை கேளாமலே மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

விடைக்குப் பதிலாகக் கிடைத்தவை சான்றிதழ்கள். 2010இல் வந்த சட்டம், காணாமற் போய் ஓர் ஆண்டு கடந்தவருக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்க வழி செய்தது. 2016இல், இறந்துவிட்டார் என்று சொல்லாமல், காணாமற்போனமையை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றுக்கு இடம் தரப்பட்டது. அதே ஆண்டில் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் நிறைவேறியது. 2018இல் அலுவலகம் இயங்கத் தொடங்கியது. 2019 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 6,000 ரூபா. 2022இல் குடும்பத்துக்கு ஒருமுறை ஒரு இலட்சம் ரூபா. அந்தத் தாய் எதையும் எடுக்கவில்லை. "காசு வேண்டாமெண்டு இல்ல சேர். கோழிக்கூடு போடக்கூடக் காசில்லாமல்தான் இருக்கிறன். ஆனா அதில கையெழுத்து வைக்கேக்க என்ர கை பிள்ளையளின்ர கழுத்தில வைக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

இதை ஒரு தாயின் பிடிவாதம் என்று தள்ளிவிட நம்மவர்களுக்கு உரிமையில்லை. நம்முடைய ஃபிக்ஹு நூல்களிலேயே 'மஃப்கூத்' என்று, செய்தியற்றுக் காணாமற் போனவருக்குத் தனிப்பாடம் இருக்கிறது. அவர் இறந்தது சாட்சியால் நிரூபணமாகும் வரை, அல்லது அவரை ஒத்தவர் இதற்கு மேல் உயிர் வாழ்ந்திரார் என்று கருதத்தக்க காலம் கடந்து காழி தீர்ப்பளிக்கும் வரை, அவருடைய சொத்தைப் பங்கிட முடியாது. அவருக்கு வேறொருவரிடமிருந்து வரவேண்டிய வாரிசுப் பங்கையும் தொடாமல் நிறுத்திவைக்க வேண்டும். மனைவியின் நிலை பற்றி உமர் (ரலி) அவர்களின் நான்காண்டுத் தவணைத் தீர்ப்பு உண்டு. நமது மத்ஹபில் இமாம் ஷாஃபிஈ அவர்களின் பிந்திய கருத்தோ மரணம் உறுதியாகும் வரை காத்திருக்கச் சொல்கிறது. கருத்து வேற்றுமைகள் ஒருபுறம் இருக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது, நிறுத்திவைக்கப்பட்ட அந்தப் பங்குதான். இல்லாத ஒருவருக்காக ஒரு பங்கை எடுத்து வைப்பது என்றால், அவர் கதவைத் தட்டக்கூடும் என்று சட்டமே எழுந்து நின்று காத்திருப்பதுதான். வாப்பா மௌத்தான வீட்டில் மூத்தவன் எங்கே என்று தெரியாவிட்டால் அவனது பங்கை ஒதுக்கி வைக்கும் சமூகம், ஒரு தாய் தன் பிள்ளைகளுக்கு இரண்டு பாய்களை இன்னும் சுருட்டி வைத்திருப்பதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

உண்மையில் பிள்ளைகள் இருந்தார்களா என்று கேட்ட அந்த மனிதரின் கேள்வி எனக்கு வேறொரு நாட்டை நினைவூட்டியது. எல் சல்வடோரில் 1982 ஜூன் 2ஆம் திகதி, சலத்தெனங்கோ என்னும் மலைப்பகுதியில் இராணுவ நடவடிக்கையொன்றின்போது ஏழு வயதும் மூன்று வயதுமான இரு சகோதரிகள் காணாமல் ஆக்கப்பட்டார்கள். செரானோ குரூஸ் சகோதரிகள் என்று அந்த வழக்கு அறியப்படுகிறது. விவசாயக் குடும்பம். தாய் ஆண்டுக்கணக்கில் தேடினார். 1994இல், இயேசு சபைக் குருவான ஜோன் டி கொர்ட்டினா காணாமற்போன பிள்ளைகளைத் தேடுவதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கியபோது அதன் துணையும் கிடைத்தது. உள்நாட்டு நீதிமன்றங்கள் கைவிட்ட பின் வழக்கு அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே அரசு தரப்பு என்ன சொன்னது தெரியுமா? அப்படி இரு பிள்ளைகள் இருந்ததற்கே நிச்சயமில்லை என்றது. போரில் பிறப்புப் பதிவேடுகள் அழிந்திருந்தன. 2005 மார்ச் 1ஆம் திகதி நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தேடுவதற்கு ஓர் ஆணைக்குழு, மரபணுத் தகவல் முறை, காணாமல் ஆக்கப்பட்ட சிறுவர்களை நினைவுகூர ஆண்டில் ஒரு நாள் என்று பலவற்றைக் கட்டளையிட்டது. அந்தத் தாய் அதைக் கேட்க இருக்கவில்லை. முந்திய ஆண்டிலேயே காலமாகிவிட்டார்.

ஆர்ஜென்டினாவின் பாட்டிமார் கதை இன்னும் கொஞ்சம் வெளிச்சமானது. இராணுவ ஆட்சியில் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பறிகொடுத்த அவர்கள் 1977இல் மே சதுக்கத்தில் ஒன்றுசேர்ந்தார்கள். தாய் தகப்பன் இல்லாத நிலையில் பாட்டியின் இரத்தத்தைக் கொண்டு பேரப்பிள்ளையை அடையாளம் காண முடியுமா என்று விஞ்ஞானிகளிடம் கேட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் ஒரு புதிய கணிப்பு முறை பிறந்தது. 1987இல் சட்டப்படி ஒரு தேசிய மரபணு வங்கி அமைந்தது. 2025 ஜூலையில் அவர்கள் 140ஆவது பேரப்பிள்ளையைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். கைக்குழந்தையாகப் பறிக்கப்பட்டவர் நடுவயது மனிதராகத் திரும்புகிறார். பாட்டி பலருக்கு இல்லை. ஆனால் பாட்டியின் இரத்தம் வங்கியில் இருந்தது.

எங்கள் மண்ணிலும் நிலம் பேசத் தொடங்கியிருக்கிறது. 2023 ஜூனில் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் குழாய் பதிக்க வெட்டிய இடத்தில் புதைகுழி வெளிப்பட்டது. 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. 2025இல் யாழ்ப்பாணம் செம்மணியில் அகழ்ந்தபோது செப்டெம்பர் மாத அளவில் 240 எலும்புக்கூடுகள் வரை இனங்காணப்பட்டன. அவற்றில் ஒன்று நான்கைந்து வயதுப் பிள்ளையினது என்றார்கள். அதனோடு நீல நிறப் புத்தகப் பையொன்றும் பொம்மையொன்றும் இருந்தன. ஆகஸ்ட் மாதம் அப்பொருட்களை மக்கள் அடையாளம் காணவென்று காட்சிக்கு வைத்தார்கள். நான் போகவில்லை. அந்த நீலப் பையைப் பத்திரிகைப் படத்திலேயே கண்டேன். முப்பது பிள்ளைகள் வகுப்புக்குள் கழற்றி வைக்கும் பைகளில் ஒன்றைப்போல் இருந்தது. எந்தப் பாடசாலையின் எந்தச் சேர்விடாப்பில் அந்தப் பிள்ளைக்கு ஒரு வரி எழுதப்பட்டதோ, அல்லது எழுதப்பட முன்னரே மண் மூடியதோ.

இதையெல்லாம் ஒரு முஸ்லிம் இதழில் எழுதுவதேன் என்று சிலர் கேட்கக்கூடும். கேட்டும் இருக்கிறார்கள். நீராவிப்பிட்டியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்றபோது, இந்தத் தாயைப் பற்றிச் சொன்னேன். வயதில் மூத்த ஹாஜியார் ஒருவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "எங்கட ஆக்களுக்காக ஆர் அழுதது மாஸ்டர்?" என்றார்.

அந்தக் கேள்வியில் நியாயம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, உடுத்த உடையோடு வெளியேற்றினார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளம் போய்ச் சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். அதே ஆண்டு ஜூலை 12ஆம் திகதி குருக்கள்மடத்தில் வழிமறிக்கப்பட்ட பயணிகள், ஹஜ்ஜு முடித்துத் திரும்பியவர்களும் பெண்களும் பிள்ளைகளுமாக, காத்தான்குடியில் தம் வீடுகளுக்குப் போய்ச் சேரவேயில்லை. அவர்களுக்கு ஜனாஸாத் தொழுகையை முறைப்படி நடத்தக்கூட மையித்து கிடைக்கவில்லை. அந்த இடத்தைத் தோண்டித் தாருங்கள் என்று அக்குடும்பங்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டு வருகின்றன. காணாமல் ஆக்கப்படுதல் என்றால் என்ன என்பதை யாரும் நமக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.

ஹாஜியாருக்கு நான் சொன்னது இதுதான்: அழாதவர்கள் பலர் இருந்தார்கள், அழுதவர்களும் இருந்தார்கள், அவர்களுடைய அழுகை நமக்குக் கேட்கும் தூரத்தில் நாம் இருக்கவில்லை. அது எப்படியானாலும், ஒரு தரம் ஒன்றுப் பிள்ளை எந்தத் தரப்பும் அல்ல. புத்தளத்து முகாமில் ஓலைக் கொட்டிலில் மீண்டும் பாடசாலை தொடங்கியபோது ஆசிரியர் ஒருவர் முதலில் செய்தது ஒரு கொப்பியில் எங்கள் பெயர்களை எழுதியதுதான். அன்றைக்கு எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. இன்று தெரிகிறது. நாங்கள் போன இடம் எழுதப்பட்டது. அதனால் நாங்கள் இருந்தோம். அந்தத் தாயின் இரண்டு பிள்ளைகளுக்கும் அது நடக்கவில்லை. நமக்கு நடந்த அநியாயத்துக்குச் சாட்சி கேட்கும் நாம், அடுத்த வீட்டு அநியாயத்துக்குச் சாட்சி சொல்லாமல் இருந்தால் நம் சாட்சியின் எடை என்ன? ஹாஜியார் பதில் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு சிறிது தூரம் நடந்துவிட்டுத் திரும்பி, "அந்தப் பிள்ளைகளின்ர பேர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். துஆவில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

யூஸுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நாம் அழகின் கதையாகவும் கற்பின் கதையாகவும் பயான்களில் கேட்டிருக்கிறோம். என்னைப் பொறுத்தவரை அது, பாலைப்புறத்து வீடொன்றிலிருந்து இரண்டு சகோதரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கைவிட்டுப் போன ஒரு தந்தையின் கதையும்தான். மூத்த மக்கள் பொய் இரத்தம் பூசிய சட்டையைக் கொண்டுவந்து காட்டி, ஓநாய் தின்றுவிட்டது என்றார்கள். இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு மரண அத்தாட்சிப் பத்திரம். யஃகூப் நபி (அலை) அவர்கள் அதை ஏற்கவில்லை. பொறுமையை மேற்கொண்டார்கள். பொறுமை என்றால் என்ன என்பதில்தான் நாம் தவறிவிடுகிறோம். வாயை மூடிக்கொண்டு கோப்பையும் மூடிவிடுவது என்று நினைக்கிறோம். துக்கத்தால் கண்கள் வெளுத்துப்போன அந்த முதிய தந்தை, ஆண்டுகள் பல கடந்த பின்னும் மக்களிடம், நீங்கள் போய் யூஸுபையும் அவர் சகோதரரையும் தேடுங்கள் என்று ஏவுகிறார்கள். அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழப்பதைத் தடுக்கிறார்கள். ஸப்ரும் தேடுதலும் அங்கே ஒன்றுக்கொன்று எதிரானவையல்ல. தேடிக்கொண்டே இருப்பதற்குத் தேவையான பலத்தின் பெயர்தான் ஸப்ர்.

அதனால் அந்தத் தாய்க்கு நான் ஆறுதல் சொல்லவில்லை. சேர்விடாப்பின் அந்தப் பக்கத்தின் பிரதியொன்றை அதிபரின் கையொப்பத்துடனும் பாடசாலை முத்திரையுடனும் பெற்றுக் கொடுத்தேன். அவர் அதை மடிக்காமல், மழைக்கு நனையாதபடி பொலித்தீன் உறையில் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

வன்னியின் ஒவ்வொரு பாடசாலையிலும் இப்படித் திகதி எழுதப்படாத வரிகள் இருக்கின்றன. கறையானும் மழையும் அவற்றைத் தின்னுமுன் பிரதி எடுத்து வைக்க ஆசிரியர்களால் முடியும். அதற்கு எந்தச் சுற்றுநிருபமும் வரவேண்டியதில்லை. பள்ளிவாசல்களின் மஹல்லாப் பதிவேடுகளிலும் 1990க்கு முந்திய பக்கங்கள் எங்காவது யார் பெட்டியிலாவது இருக்கலாம்; தேடி எடுக்க வேண்டும். அதைவிட அவசரமானது பெற்றோரின் இரத்தம். வயது போய்க்கொண்டிருக்கும் தாய் தந்தையரின் மரபணு மாதிரிகளை, குடும்பங்கள் நம்பக்கூடிய கைகளில், அவர்கள் கண்மூடுமுன் சேமிக்க வேண்டும். புதைகுழியில் கிடைக்கும் எலும்புக்கும், எங்கோ வேறு பெயரில் வளர்ந்து நிற்கும் வாலிபனுக்கும் உறவு சொல்ல வேறு எதனாலும் முடியாது. கிளிநொச்சித் தாயிடமும் காத்தான்குடித் தாயிடமும் காணாமற்போன சிப்பாயின் தென்னிலங்கைத் தாயிடமும் அந்த மாதிரி ஒரே விதமாகத்தான் எடுக்கப்படும்.

அந்த அக்கா இப்போது இருந்தால் இருபத்தைந்து வயதைத் தாண்டியிருப்பாள். தம்பிக்கும் இருபதுக்கு மேல். கடைசிக் கட்டத்தில் 'இறந்தது' என்று எழுத என்னிடம் சாட்சி இல்லை. 'இடம்பெயர்ந்தது' என்று எழுத இடம் தெரியாது. வலயத்திலிருந்து பதிவேடுகளைப் பரிசீலிக்க வந்தவர் ஒருவர் அந்த வெற்றுக் கட்டங்களைச் சுட்டிக்காட்டி, இவற்றை நிரப்பி முடியுங்கள் என்றார். நிரப்புவதற்கு விபரம் வரவில்லை, வந்ததும் எழுதுகிறோம் என்று பதில் எழுதி அனுப்பியிருக்கிறோம்.